மலைமேல் இருக்கும் பல்கலைக்கழக விடுதியில் மகளைச் சேர்க்கிறோம். வளாக மருத்துவ மையத்தை எவ்வளவு தூரம் நம்பலாம்?

உங்கள் கேள்விக்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. நீலகிரியில் மகள் சேரப்போகும் வளாகத்தின் விடுதிக் கையேட்டில் ‘24 மணி நேர மருத்துவ வசதி உண்டு’ என்று ஒரே வரியில் போட்டிருக்கிறார்களே, அதில் என்னவெல்லாம் அடங்கும் என்பது ஒன்று. சிறுவயதில் அவளுக்கு இருந்த வீசிங்கை, அதாவது மூச்சிரைப்பை, சேர்க்கைப் படிவத்தில் எழுத வேண்டுமா, சரியாகிவிட்டதே என்று விட்டுவிடலாமா என்பது மற்றொன்று. இரண்டாவதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: எழுதுங்கள். படிவத்தில் இடம் போதாவிட்டால் தனித்தாளில் எழுதி இணையுங்கள்.

உதகைக்குப் பக்கத்தில் ஓர் உயர்கல்வி வளாகத்தின் மருத்துவ மையத்தில் 11 ஆண்டுகள் செவிலியராக இருந்தேன். ‘முன்பு ஏதேனும் நோய் உண்டா?’ என்ற கட்டத்தில் ‘இல்லை’ என்று எழுதப்பட்ட படிவங்களை ஆயிரக்கணக்கில் பார்த்திருக்கிறேன். அவற்றில் ஒன்றை மட்டும் இன்றுவரை மறக்க முடியவில்லை.

அது ஜூலை மாதம். தென்மேற்குப் பருவமழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. இரவு ஒன்றரை மணிக்குக் கதவைத் தட்டினார்கள். இரண்டு தோழிகள் தாங்கிப் பிடிக்க, முதலாண்டு மாணவி ஒருத்தி நின்றாள். கீழே சமவெளியிலிருந்து வந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை. ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர் போட்டிருந்தாள். ஒரு சொல், ஒரு மூச்சு. அடுத்த சொல், அடுத்த மூச்சு. இரத்தத்தில் ஆக்ஸிஜன் எத்தனை சதவீதம் என்று காட்டும் ஆக்ஸிமீட்டரை விரலில் மாட்டினால் எண்ணே வரவில்லை, கோடுகள்தான் ஓடின. குளிரில் விரல் விறைத்திருந்தால் கருவி அப்படித்தான் ஏமாற்றும். அவள் கையை என் இரண்டு கைகளுக்குள்ளும் வைத்துத் தேய்த்தேன். வெந்நீர்ப் பையை ஒரு நிமிடம் பிடிக்க வைத்து மறுபடி மாட்டினேன். 87 என்று காட்டியது, மிகவும் குறைவு.

‘வீசிங் உண்டா கண்ணு?’ என்று கேட்டேன். இல்லையென்று தலையசைத்தாள். கோப்பும் அதையேதான் சொன்னது. அறையில் கரி அடுப்பு மூட்டினீர்களா என்று தோழிகளைக் கேட்டேன். குளிருக்குப் பயந்து மூடிய அறைக்குள் கரியை மூட்டி, நச்சுப்புகையில் மயங்கிப்போகிறவர்கள் மலையில் உண்டு. மூட்டவில்லை என்றார்கள். நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்தால் காற்றுப் போகும் சத்தமே சரியாகக் கேட்கவில்லை. விசில் சத்தம் இல்லையே என்று ஒரு கணம் தடுமாறினேன். மூச்சுக்குழல் மிகவும் இறுகிவிட்டால் விசில்கூட வராது என்று பாடத்தில் படித்ததுதான், அந்த நேரத்தில் உடனே பிடிபடவில்லை. அப்போதுதான் ஒரு தோழி, ‘சிஸ்டர், இவள் பெட்டியில் நீல நிறப் பம்ப் ஒன்று இருக்கிறது’ என்றாள். வீசிங் வந்தால் இழுக்கும் இன்ஹேலர் அது.

அதன் பிறகு நான் தயங்கவில்லை. ஆக்ஸிஜன், மருந்தைப் புகைபோல ஆக்கி மூச்சோடு உள்ளே அனுப்பும் நெபுலைசர், தொலைபேசியில் மருத்துவர், 108க்கு அழைப்பு. வழியில் மரம் விழுந்துகிடந்ததால் ஆம்புலன்ஸ் வர ஐம்பது நிமிடம் ஆனது. அதற்குள் மூன்று முறை நெபுலைசர் வைத்தோம். மருத்துவர் சொன்ன ஊசியும் போட்டாயிற்று. வண்டியில் ஏற்றும்போது 94 காட்டியது, முழு வாக்கியம் பேசினாள். இரண்டு நாள் கழித்து வந்த அவளுடைய அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, ‘நாளைக்கு வரன் பார்க்கும்போது எங்கேயும் ஏட்டில் இருக்கக் கூடாதென்று நினைத்தோம், அம்மா’ என்றார். அவர்மீது எனக்குக் கோபம் வரவில்லை. எந்தத் தாயும் நினைப்பதுதான். ஆனால் அந்த ஒரு வரி படிவத்தில் இருந்திருந்தால், அவள் வாசலில் நிற்கும்போதே நெபுலைசரை எடுத்திருப்பேன்.

சிறுவயதில் வந்து நின்றுபோன வீசிங், மலையின் குளிரிலும் ஈரத்திலும் திரும்ப வருவது அபூர்வம் அல்ல. மழைக்காலத்தில் கம்பளி காயாது, பூஞ்சை பிடிக்கும், அதன் வாடையே போதும். விடுதிக் கம்பளியை நம்பாமல் சொந்தமாக இரண்டு கொடுத்தனுப்புங்கள். வெயில் தலைகாட்டும் நாளிலெல்லாம் உலர்த்தச் சொல்லுங்கள். பம்ப் இருந்தால் பெட்டியின் அடியில் போடாமல் தலைமாட்டில் இருக்கட்டும். குளிரில் கிடந்த பம்ப் மருந்தைச் சரியாக அடிக்காது. உள்ளங்கையில் சற்று நேரம் வைத்திருந்து, நன்றாகக் குலுக்கிவிட்டுப் பயன்படுத்த வேண்டும். பம்பின் வாயில் பொருத்தும் ஸ்பேசர் குழாயோடு இழுத்தால் மருந்து நெஞ்சுக்குள் போகும். இல்லாவிட்டால் பாதிக்கு மேல் தொண்டையிலேயே தங்கிவிடும்.

இனி அந்த 24 மணி நேரக் கணக்கு. பெரும்பாலும் அதற்குப் பொருள், இரவில் ஒரு செவிலியர் இருப்பார், மருத்துவர் தொலைபேசியில் கிடைப்பார், ஒரு வண்டி நிற்கும் என்பதுதான். மருத்துவர் நேரில் பார்ப்பது காலையில் சில மணி நேரம், மாலையில் சில மணி நேரம். எங்கள் மையத்தில் நான்கு கட்டில், இரண்டு ஆக்ஸிஜன் சிலிண்டர், நெபுலைசர், குளுக்கோஸ் ஏற்றும் வசதி, சர்க்கரையும் ஹீமோகுளோபினும் பார்க்கும் கருவிகள், காயத்துக்குக் கட்டுப்போடும் மேசை, அடிப்படை மாத்திரைகள் இருந்தன. எக்ஸ்ரே கிடையாது. காய்ச்சல், வயிற்றுப்போக்கு, மாதவிடாய் வலி, சுளுக்கு, சிறு வெட்டுக்காயம் இவற்றுக்கு அது போதும். அதற்கு மேல் போனால், மருத்துவமனை போய்ச் சேரும்வரை உயிரைப் பிடித்துவைப்பதுதான் எங்கள் வேலை. அதைக் குறைவான வேலையாக நான் ஒருநாளும் நினைத்ததில்லை.

ஆகவே விடுதியைப் பார்க்கப் போகும்போது கட்டிடத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு வந்துவிடாதீர்கள். இரவு வண்டியை ஓட்டும் டிரைவர் வளாகத்துக்குள் தங்குகிறாரா, வீட்டிலிருந்து வர வேண்டுமா என்று கேளுங்கள். சிலிண்டரை யார், எப்போது சரிபார்க்கிறார்கள் என்று கேளுங்கள். விடுதிக் கதவைப் பூட்டிய பிறகு ஒரு பெண்ணுக்கு முடியாமல் போனால் சாவி யாரிடம் இருக்கும் என்று வார்டனிடமே கேளுங்கள். தயங்காமல் பதில் வந்தால் நல்ல இடம். ‘அதெல்லாம் பார்த்துக்கொள்வோம்’ என்று மட்டும் சொன்னால் இன்னும் இரண்டு கேள்வி கேளுங்கள்.

முன்பெல்லாம் பெரிய சிக்கல் என்றால் மலையிறங்கிக் கோவைக்குத்தான் ஓட வேண்டும். கிட்டத்தட்ட 90 கிலோமீட்டர், அதில் மேட்டுப்பாளையம் வரை மலைப்பாதை. உதகையில் அரசு மருத்துவக் கல்லூரி வந்து, 2025 ஏப்ரலில் 700 படுக்கைகளோடு அதன் மருத்துவமனையும் திறக்கப்பட்ட பிறகு அந்த ஓட்டம் பெருமளவு குறைந்துவிட்டது. நான் பணியில் இருந்தபோது இது இருந்திருக்கக் கூடாதா என்று நினைக்காத நாளில்லை. ஆனாலும் மழைக்காலச் சாலையை மறந்துவிடாதீர்கள். 2019 ஆகஸ்டில் இதே மாவட்டத்து அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கும் மேல் கொட்டியது. அப்படிப்பட்ட நாட்களில் பக்கத்து ஊரே தூர தேசம்தான்.

உயரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். உதகை கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர். காற்றழுத்தம் உங்கள் ஊரில் இருப்பதில் முக்கால் பங்குதான் இருக்கும். கீழே ஆக்ஸிமீட்டரில் 98, 99 என்று காட்டும் பிள்ளைக்கு இங்கே 95 காட்டினால் பயப்பட வேண்டாம். ஆனால் இரத்தசோகை உள்ள பெண்ணுக்கு விடுதிப் படிக்கட்டே மலையாகிவிடும். முதல் மாதத்தில் ‘படியேறினால் படபடக்கிறது’ என்று வந்த பெண்களுக்கு நான் முதலில் பார்த்தது ஹீமோகுளோபினைத்தான். 12 கிராமுக்குக் கீழே இருந்தால் இரத்தசோகை. எட்டு, ஒன்பது என்று வைத்துக்கொண்டு, ‘எனக்கு எப்போதுமே கொஞ்சம் அசதியாகத்தான் இருக்கும் சிஸ்டர்’ என்பார்கள். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு இரத்தசோகை இருப்பதாகத் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பே சொல்கிறது. மகளை அனுப்பும் முன் ஊரிலேயே ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

குரங்குக்கடியும் நாய்க்கடியும் இங்கே அன்றாடச் செய்தி. பையிலிருந்த பிஸ்கட்டுக்காகப் பாய்ந்த குரங்கு கீறியதை, ‘லேசான கீறல்தானே’ என்று மூன்று நாள் மறைத்த பிள்ளைகள் உண்டு. தொப்புளைச் சுற்றி 14 ஊசி போடுவார்கள் என்று பாட்டி சொன்ன கதை இன்னும் அவர்கள் மனதில் இருக்கிறது. அந்தக் காலம் போய் 20 ஆண்டுகள் ஆகின்றன. குன்னூரில் வெறிநாய்க்கடி சிகிச்சைக்கென்றே 1907இல் பாஸ்டர் நிறுவனம் தொடங்கப்பட்ட மாவட்டம் இது. இங்கே ஒரு பிள்ளை ஊசிக்குப் பயந்து ஒளிவது எனக்குத் தாங்காது. சோப்புப் போட்டு, ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு உடனே மையத்துக்கு வர வேண்டும். இப்போது ஊசி கையில்தான். தோலுக்குள் போடும் முறையென்றால் முதல் ஊசி போடும் நாள், அதிலிருந்து மூன்று, ஏழு, 28 நாள் கழித்து என்று நான்கு முறை. தோல் கிழிந்து இரத்தம் வந்திருந்தால், காயத்திலேயே போடும் இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்பு மருந்து ஊசியும் தேவைப்படும். அதற்கு அரசு மருத்துவமனைக்கு அனுப்பிவிடுவோம்.

மறைப்பவர்களை மட்டும் சொல்லிக்கொண்டே போனால் நியாயமாகாது. கேட்காமல் விட்ட தவறும் உண்டு, அது என்னுடையது. கூடலூர்ப் பக்கத்துப் பழங்குடிக் குடும்பத்திலிருந்து வந்த மாணவன் ஒருவன், டிசம்பரில் கால் வலி என்று இரண்டு முறை வந்தான். வலி மாத்திரை கொடுத்து அனுப்பினேன். வகுப்புக்குப் போகாமல் இருக்கச் சாக்குச் சொல்கிறான் என்று வார்டன் சொன்னதை நானும் பாதி நம்பினேன். மூன்றாம் முறை வந்தபோது கண்ணில் மஞ்சள் தெரிந்தது. கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு சத்தம் போடாமல் அழுதான். அவனுக்கு அரிவாள் செல் இரத்தசோகை. இரத்தச் சிவப்பணுக்கள் அரிவாள் போல வளைந்து, சிறு இரத்தக்குழாய்களில் அடைத்துக்கொள்ளும். குளிரும், தண்ணீர் சரியாகக் குடிக்காததும் அந்த வலியைத் தூண்டும். உறைபனிக் காலத்தில் இரண்டும் சேர்ந்துவிடுகின்றன. இந்தியாவில் இந்த நோய் முதன்முதலில் 1952இல் கண்டறியப்பட்டதே நீலகிரிப் பழங்குடி மக்களிடம்தான். அதே மலையில் வேலை பார்த்துக்கொண்டு எனக்கு அது தோன்றவில்லை. மருத்துவமனையிலிருந்து திரும்பியபின், ஏன் முன்பே சொல்லவில்லை என்று கேட்டேன். ‘நீங்கள் கேட்கவே இல்லையே, சிஸ்டர்’ என்றான்.

அந்த வாரமே மருத்துவரிடம் சொல்லி, எங்கள் படிவத்தில் அதற்கென்று ஒரு வரி சேர்த்தோம். அவன் அறைக்குக் கூடுதல் கம்பளியும் வெந்நீர்க் குடுவையும் போயின. படிப்பு முடியும்வரை மாதம் ஒருமுறை வந்து எட்டிப்பார்த்துவிட்டுப் போவான்.

மனம் சம்பந்தப்பட்டதைச் சுருக்கமாகச் சொல்கிறேன், சிறிய விஷயம் என்பதால் அல்ல. நாள்கணக்கில் மூடுபனி, நான்கு மணிக்கே இருட்டு, ஊர் நினைப்பு. ‘தலைவலி’ என்று ஒரே வாரத்தில் மூன்று முறை வரும் பெண்ணுக்குப் பல நேரம் தலைவலி இருக்காது. அவளுக்கு மாத்திரையோடு ஒரு நாற்காலியும் போட்டுக் கொடுப்பேன். வளாகத்தில் மனநல ஆலோசகர் எந்தெந்த நாள் வருகிறார் என்று கேட்டு வையுங்கள். இடைப்பட்ட நாட்களுக்கு 14416 என்ற டெலி மானஸ் எண் இருக்கிறது, அரசின் மனநல உதவி எண் அது, எந்நேரமும் இலவசமாகப் பேசலாம். உங்களுக்கு ஒரு வேண்டுகோள்: அவள் எதற்காக மையத்துக்குப் போனாள் என்று செவிலியரை அழைத்துத் துருவாதீர்கள். அம்மாவுக்குத் தெரிந்துவிடும் என்றால் அவள் அந்தப் பக்கமே வரமாட்டாள். அவளாகச் சொல்வாள்.

கொடுத்தனுப்ப வேண்டியவை அதிகமில்லை. தடுப்பூசி அட்டை, இரத்த வகை, ஒவ்வாத மருந்தின் பெயர், குடும்பத்தின் மருத்துவக் காப்பீட்டு அட்டை நகல், பழைய மருந்துச் சீட்டு. மலைப்பாதையில் வாந்தி வரும் பெண்ணானால், மேட்டுப்பாளையத்தில் பஸ் ஏறிய பிறகு மாத்திரை போட்டுப் பயனில்லை, அரை மணி நேரம் முன்பே போட வேண்டும்.

சேர்ந்த முதல் வாரத்தில், உடம்பு நன்றாக இருக்கும்போதே, ஒரு மாலை அவளை மையத்துக்குப் போய்வரச் சொல்லுங்கள். இரவில் இருட்டில் தேடாமலிருக்க வழி பழகிவிடும், கட்டில் எங்கே, மணி எங்கே என்று தெரிந்துவிடும். பணியில் இருக்கும் செவிலியரிடம், ‘எனக்குச் சின்ன வயதில் வீசிங் இருந்தது, கடைசியாக இந்த வயதில் வந்தது, இந்த மருந்துக்குக் கேட்டது’ என்று அவள் வாயாலேயே சொல்லட்டும். மீதியை அவர் கேட்டு எழுதிக்கொள்வார்.