செலவு நான்கு மடங்காகும் என்று பயமுறுத்துகிறார்களா?

கேள்வி: திருப்பூரில் தனியார் ஆலை ஒன்றில் வேலை பார்க்கிறேன். அடுத்த ஆண்டு 58 வயதில் ஓய்வு. வீட்டுக்கடன் தவணை, மகனின் கல்லூரிக் கட்டணம் என 15,000 சேர்த்து மாதச் செலவு 35,000 ரூபாய். ‘24 ஆண்டுகளில் இது 1,40,000 ஆகிவிடும், பி.எஃப். பணம் முழுவதையும் இந்த பாலிசியில் போடுங்கள்’ என்கிறார் முகவர். போடலாமா?

பதில்: போடாதீர்கள். விலைவாசி ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறினால் 24 ஆண்டில் நான்கு மடங்காகும், அது சரி. ஆனால் தவணையும் கல்லூரிக் கட்டணமும் ஒருநாள் முடிந்துவிடும். அவற்றையும் நான்கால் பெருக்குவது ஏமாற்று வேலை.

குடும்பச் செலவின் உள்ளடக்கமே மாறிக்கொண்டிருக்கிறது. தேசிய மாதிரிக் கணக்கெடுப்பைப் பாருங்கள். 1999-2000இல் நகரக் குடும்பங்கள் செலவழித்த 100 ரூபாயில் 48 ரூபாய் உணவுக்குப் போனது. 2022-23இல் 39தான். அரிசி, கோதுமை போன்ற தானியங்களின் பங்கு 12 ரூபாயிலிருந்து 4 ரூபாய்க்கும் கீழே வந்துவிட்டது. உங்களுக்கு இனி ஏறப்போவது மருத்துவச் செலவு. நிறுவனத்தின் குழு மருத்துவக் காப்பீடு பொதுவாக வேலையோடு முடிந்துவிடும். ஏற்கெனவே உள்ள நோய்களுக்குத் தனிக் காப்பீட்டில் மூன்று ஆண்டுகள் வரை காத்திருக்க நேரிடலாம். ஆகவே அதை இப்போதே எடுங்கள்.

முகவர்களிடம் மட்டுமல்ல, வங்கியிலும் எச்சரிக்கை தேவை. ‘டெபாசிட் மாதிரிதான்’ என்று சொல்லிக் காப்பீட்டில் கையெழுத்து வாங்குகிறார்கள். கமிஷன் அவர்களுக்கு, பூட்டிக்கிடப்பது உங்கள் பணம். ஏற்கெனவே கையெழுத்திட்டிருந்தால், பாலிசி ஆவணம் கைக்கு வந்த 30 நாளுக்குள் ரத்து செய்யலாம். இதை அவர்கள் வாய்திறந்து சொல்லமாட்டார்கள்.

பி.எஃப். பணத்தைப் போட அரசின் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம் இருக்கிறது. அதற்கு 60 வயது ஆகவேண்டும் என்று அஞ்சலக, வங்கிக் கவுன்டரில் திருப்பி அனுப்புவார்கள். திரும்பாதீர்கள். 55 முடிந்து ஓய்வுபெற்றவர், ஓய்வுக்காலப் பணம் கைக்கு வந்த மூன்று மாதத்துக்குள் கணக்குத் தொடங்கலாம். அந்தப் பணத்தின் அளவுக்குள், அதிகபட்சம் 30 லட்சம் போடலாம். மூன்று மாதம் தாண்டினால் 60 வயதுவரை காத்திருக்க வேண்டியதுதான். பணம் வந்த தேதிக்கான சான்றை நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வாய்மொழி உறுதி செல்லாது.

பி.எஃப். ஓய்வூதியத்தை நம்பித் திட்டமிடாதீர்கள். அதில் அகவிலைப்படி கிடையாது. 2014இல் குறைந்தபட்சமாக நிர்ணயித்த 1,000 ரூபாயைப் பத்தாண்டு கடந்தும் உயர்த்த மனம் வராத அமைப்பு அது. அந்த ஆயிரத்தில் ஒரு முதியவர் எத்தனை நாள் சாப்பிடுவார்?

தவணையையும் கட்டணத்தையும் கழித்த 20,000 ரூபாயை வைத்துப் புதிதாகக் கணக்கிடுங்கள், மருத்துவத்துக்குத் தனியாக ஒரு தொகை ஒதுக்குங்கள். அதற்குமுன் எந்தப் படிவத்திலும் கையெழுத்திடாதீர்கள்.