கல்லாவுக்கு எந்தப் பக்கம் நின்று கேட்டீர்கள்?

கேள்வி: ஐயா, ராப் பாடகர் ஐஸ் கியூபின் தனி ஆல்பங்கள் அத்தனையையும் ஒன்றுவிடாமல் கேட்டு வரிசைப்படுத்தியிருக்கிறேன். 1. தி பிரெடேட்டர், 2. லாஃப் நவ் க்ரை லேட்டர், 3. கில் அட் வில், 4. அமெரிக்காஸ் மோஸ்ட் வாண்டெட்... இப்படிப் போய் கடைசி, பதினோராவது இடம் டெத் சர்டிஃபிகேட்டுக்கு. கடைக்காரர்களை இனம் சொல்லித் திட்டும் ஆல்பத்தை, இன நல்லிணக்கம் பேசும் ஊரில் வளர்ந்த என்னால் ரசிக்க முடியவில்லை. ‘இட் வாஸ் எ குட் டே’ மாதிரி மனசை லேசாக்கும் பாட்டு அதில் ஒன்றுகூட இல்லை. என் வரிசையை ஒப்புக்கொள்கிறீர்களா?
– ஒரு வாசகர், உட்லண்ட்ஸ், சிங்கப்பூர்

பதில்: இல்லை, தம்பி.

முதலில் கணக்கைப் பார்ப்போம். கில் அட் வில் ஆல்பமே கிடையாது. 1990 கடைசியில் வந்த ஏழு டிராக் குறுந்தொகுப்பு அது. அதை மூன்றாம் இடத்தில் உட்கார வைத்த நீங்கள், 2024-இல் வந்த மேன் டவுனை எண்ணவே இல்லை. ‘ஒன்றுவிடாமல்’ என்று எழுதும்போது கை கொஞ்சமாவது தயங்கியிருக்க வேண்டாமா? நம் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வான பிஎஸ்எல்இயே, பிள்ளைகளை ஒருவரோடு ஒருவர் ஒப்பிட்டுப் போடும் டி-ஸ்கோரை 2021-இல் தூக்கிப் போட்டுவிட்டது. பிள்ளைகளை ஒருவர் தலைக்கு மேல் ஒருவராக அடுக்க வேண்டாம் என்று கல்வி அமைச்சே இறங்கி வந்த பிறகு, நீங்கள் ஆல்பங்களை அடுக்கிக்கொண்டிருக்கிறீர்கள். போகட்டும், ரசிகனுக்கு அந்த உரிமை உண்டு.

‘குட் டே’ மனசை லேசாக்குகிறது என்கிறீர்களே, அதைக் கடைசிவரை கேட்டீர்களா? அம்மா பசியாறச் செய்து வைக்கிறார், போலீஸ் வழிமறிக்கவில்லை, தெரிந்தவர் யாரும் சாகவில்லை, துப்பாக்கியை எடுக்க வேண்டி வரவில்லை. இவ்வளவும் ஒரே நாளில் நடந்துவிட்டதாம். நமக்கு அது சாதாரண செவ்வாய்க்கிழமை, அவருக்கு அதிசயம். முடிவில் ‘நிறுத்து, நான் என்ன நினைத்துக்கொண்டிருக்கிறேன்’ என்று அவரே பாட்டை நிறுத்திவிடுகிறார். ஐஸ்லி பிரதர்ஸிடமிருந்து எடுத்த இசை அவ்வளவு இதமாக இருப்பதால் அந்த வரி நம் காதில் விழாமல் போகிறது. அந்தப் பாட்டு இருக்கும் பிரெடேட்டர் வந்தது 1992 நவம்பரில். அதே ஆண்டு ஏப்ரல் 29-ஆம் தேதி, ரோட்னி கிங் என்ற கறுப்பினத்தவரை அடித்த போலீஸ்காரர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்து லாஸ் ஏஞ்சலிஸ் எரிந்தது. அந்தப் புகை ஆல்பம் முழுக்க இருக்கிறது. நீங்கள் ஒரு பாட்டுக்காக முதல் பரிசு கொடுத்திருக்கிறீர்கள்.

என் முதல் இடம் அமெரிக்காஸ் மோஸ்ட் வாண்டெட்டுக்கு. (தலைப்பில் ‘அமெரிக்கா’வை அவர் மூன்று ‘கே’ போட்டு எழுதியதே கறுப்பினத்தவரை வெறுக்கும் வெள்ளையர் அமைப்பான கூ கிளக்ஸ் கிளானைக் குத்தத்தான்.) பணத் தகராறில் என்.டபிள்யூ.ஏ குழுவை விட்டு வெளியேறியவர், நேராக நியூயார்க் போய், பப்ளிக் எனிமி குழுவின் இசைக்கூட்டமான பாம் ஸ்குவாடிடம் உட்கார்ந்தார். மேற்குக் கரை ஆள், கிழக்குக் கரை இரைச்சல். ஒரு பாட்டுக்குள் எத்தனை பழைய இசைத்தட்டுகளின் துண்டுகள் என்று எண்ண முயன்று பாருங்கள். பழைய பாட்டின் துண்டை அனுமதியில்லாமல் எடுத்த ராப் பாடகர் பிஸ் மார்க்கியின் வழக்கில் 1991 டிசம்பரில் தீர்ப்பு வந்தபின், ஒவ்வொரு துண்டுக்கும் அனுமதியும் காசும் தேவைப்பட்டதால், அப்படி அள்ளிக் கொட்டிச் சமைப்பது யாருக்கும் கட்டுப்படியாகவில்லை. 2006-இல் வந்த லாஃப் நவ் இதற்கு இரண்டு படி மேலா? ஜிம்மில் ஓடும்போது கேட்டிருப்பீர்கள்.

இனி உங்கள் பதினோராவது, 1991-இல் வந்த டெத் சர்டிஃபிகேட்.

அதில் உள்ள ‘பிளாக் கொரியா’ ஒரு நிமிடம்கூட ஓடாத பாட்டு. கறுப்பு வாடிக்கையாளரைச் சந்தேகத்தோடு பார்க்கும் கொரியக் கடைக்காரர்களை, கடையையே கொளுத்திவிடுவோம் என்கிற தொனியில் மிரட்டுகிறது. அது தவறு, அதற்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. அடுத்த ஆண்டுக் கலவரத்தில் கொரியர் கடைகள் ஆயிரக்கணக்கில் நாசமானதை வைத்துப் பார்த்தால் கேட்கவே கூசுகிறது. கொரிய மளிகைக்காரர்கள் அவர் விளம்பரம் செய்த மதுவை விற்க மறுத்தார்கள், அவர் மன்னிப்பும் கேட்டார். இங்கிலாந்தில் இந்தப் பாட்டையும், பழைய என்.டபிள்யூ.ஏ கூட்டாளிகளைத் திட்டும் ‘நோ வாசலின்’ பாட்டையும் நீக்கிவிட்டுத்தான் ஆல்பத்தை வெளியிட்டார்கள்.

ஆனால் அந்தப் பாட்டு எங்கிருந்து வந்தது? 1991 மார்ச் 16-ஆம் தேதி, லட்டாஷா ஹார்லின்ஸ் என்ற 15 வயதுப் பெண் 1.79 டாலர் ஆரஞ்சு ஜூஸை எடுத்துப் பையில் வைத்தாள். திருடுகிறாள் என்று கடைக்காரப் பெண்மணி சட்டையைப் பிடிக்க, கைகலப்பாகி, திரும்பி நடந்தவளைப் பின்னாலிருந்து சுட்டார். இறந்தபோது அவள் கையில் 2 டாலர் இருந்தது. ஆல்பம் வந்து சில வாரங்களில் தண்டனை அறிவிக்கப்பட்டது. சிறை இல்லை. நன்னடத்தைக் கண்காணிப்பு, சமூக சேவை, 500 டாலர் அபராதம்.

1992-இல் தேசிய சேவை முகாமில், பங்க் கட்டிலில் படுத்தபடி, யாரோ பதிவு செய்து கொடுத்த கேசட்டில் ‘பிளாக் கொரியா’வைக் கேட்டேன். எனக்கு நினைவு வந்தது பெரியப்பாவின் சின்னப் பலசரக்குக் கடை, மாமாக் கடை என்போமே, அது. தோ பாயோவில் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளம். மிட்டாய்ப் புட்டிகள், மூலையில் ஒரு வட்டக் கண்ணாடி, கயிற்றில் ஏறி இறங்கும் மைலோ டின்தான் காசுப்பெட்டி. பள்ளி விட்டதும் நான் ஸ்டூலில் ஏறி உட்கார்ந்துகொள்வேன். சில பிள்ளைகள் உள்ளே வந்தால் பெரியப்பா கணக்கு நோட்டிலிருந்து தலையைத் தூக்காமல், “டேய், கையப் பாரு” என்பார். தமிழ்ப் பிள்ளைகள் வந்தால் சொல்ல மாட்டார். அவர் கெட்டவர் இல்லை, மாசக் கடைசியில் எல்லா இனத்தாருக்கும் கடன் எழுதியவர். ஒருநாள் ஒரு மலாய்ப் பையன், என் வயதுதான், எதுவும் வாங்காமல் வெளியே போகும்போது, யாரும் கேட்காமலே இரண்டு உள்ளங்கையையும் விரித்து எனக்குக் காட்டிவிட்டுப் போனான்.

அமெரிக்கப் பாட்டு என்றதும் நாம் சிறுபான்மை, பாடுகிறவன் பக்கம் என்று நினைத்துக்கொள்கிறோம். இந்த ஊரில் எத்தனையோ புளோக்குகளில் கல்லாவுக்குப் பின்னால் இருந்தது நம்மாட்கள். எனக்கு அந்தப் பாட்டு இரண்டு பக்கமும் கேட்கிறது, அதனால் அதைத் தாண்டிப் போக முடிவதில்லை.

அது ஒரு பாட்டுதான். முன்பக்கமான ‘டெத் சைட்’டில், குண்டடிபட்டவன் ஆஸ்பத்திரியில் காத்துக் காத்தே சாகிறான். இன்னொருவன் பள்ளி முடித்துவிட்டு, கைக்குழந்தையோடு வேலை தேடி, கடைசியில் போதைப்பொருள் விற்கப் போகிறான். பின்பக்கம் ‘லைஃப் சைட்’. அட்டையில் காலில் ‘அங்கிள் சாம்’ என்று சீட்டுக் கட்டிய பிணம். இவ்வளவையும் விட்டுவிட்டு ஒரு நிமிடப் பாட்டுக்காக மொத்த ஆல்பத்தையும் கடைசிக்குத் தள்ளுவதும் ஒருவகையில் “கையப் பாரு”தான், தம்பி. என் வரிசையில் அது இரண்டாவது.

ஷஃபிளை அணைத்துவிட்டு லைஃப் சைடை வரிசையாகக் கேளுங்கள். ‘பிளாக் கொரியா’வுக்கு நாலு பாட்டு தள்ளி ‘அஸ்’ வரும். அதில் அவர் வறுத்தெடுப்பது சொந்த இனத்தை. கேட்டுவிட்டுத் திருத்திய பட்டியலை அனுப்புங்கள், மேன் டவுனையும் சேர்த்து. லீதல் இன்ஜெக்‌ஷனை எத்தனையாவதாக வைத்தீர்கள் என்பதையும் அந்த மூன்று புள்ளிகளுக்குள் ஒளிக்காமல் எழுதுங்கள்.