கடல் தாண்டும் பார்சல்: வாசகர் கேள்விகள்

நான் ஆன்லைனில் பஞ்சுத் திண்டுகளும் துணிப் பொம்மைகளும் விற்கிறேன். வெளிநாட்டு ஆர்டர் ஒன்றை வீட்டில் எடை போட்டேன், ஒன்றரைக் கிலோதான். கூரியரில் 7 கிலோவுக்கு மேல் பில் போட்டுவிட்டார்கள். ஏமாற்று வேலைதானே?

கோபம் புரிகிறது. ஆனால் கணக்கு சரி. விமானத்தில் எடைக்கு மட்டுமல்ல, அடைத்துக்கொள்ளும் இடத்துக்கும் காசு. பெட்டியின் நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுப்பதுதான் பெரிய கூரியர்களின் வழக்கம். அதற்குப் பெயர் வால்யூமெட்ரிக் எடை. அதுவா, நிஜ எடையா, எது அதிகமோ அதற்குத்தான் பில். உங்கள் பெட்டி 40, 30, 30 என்று எழுதியிருக்கிறீர்கள். பெருக்கினால் 36,000, வகுத்தால் 7.2 கிலோ. பாதிக்கு மேல் காற்றுக்குக் கட்டியிருக்கிறீர்கள்!

திண்டைக் காற்று உறிஞ்சும் பையில் போட்டு அமுக்கி, 12 சென்டிமீட்டர் உயரப் பெட்டியில் வையுங்கள். 2.88 கிலோவுக்கு இறங்கிவிடும். பெட்டி புடைக்கக் கூடாது. புடைத்த இடத்தில்தான் அளவு டேப்பை வைப்பார்கள். பொம்மைகளை மட்டும் அமுக்காதீர்கள், முகம் கோணிப்போகும்.

அப்புறம் அஞ்சலகத்தையும் விசாரியுங்கள். சர்வதேச அஞ்சலில் ‘ஸ்மால் பாக்கெட்’ என்று ஒரு வகை உண்டு. 2 கிலோ வரை போகலாம். மூன்று அளவுகளையும் கூட்டினால் 90 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது. பழைய பெட்டி 100 வருகிறது, அமுக்கியது 82 தான். இன்னும் ஒன்று கேட்பேன்: திண்டு உறையை மட்டும் விற்றால் என்ன? பஞ்சு எந்த ஊரிலும் கிடைக்கும்.

வாசலில் வரி கேட்டதும் ஒரு வாடிக்கையாளர் பார்சலை வாங்க மறுத்துவிட்டார். இன்னொருவர், ‘கிஃப்ட் என்று எழுதி விலையைக் குறைத்துப் போடுங்கள்’ என்கிறார். செய்யலாமா?

வேண்டாம். சுங்கப் படிவத்தில் கையெழுத்துப் போடுவது நீங்கள், அவர் அல்ல. பிடிபட்டால் பறிமுதலோ அபராதமோ வரும். பார்சல் தொலைந்தாலும் நீங்கள் எழுதிய அந்தக் குறைந்த விலைக்கு மேல் இழப்பீடு கேட்க முடியாது.

படிவத்தில் ‘துணிப் பொருள்’ என்று மொட்டையாக எழுதுகிறவர்களின் பார்சல்தான் சுங்கத்தில் அதிகம் தூங்கும். ‘பருத்தித் திண்டு உறை, 2’ என்று எழுதி, எச்.எஸ். குறியீட்டையும் (சுங்கத்தில் பொருளின் வகையைக் காட்டும் சர்வதேச எண்) போடுங்கள். பஞ்சடைத்த திண்டு 9404-இல் வரும், உறை மட்டும் என்றால் 6304, பொம்மை 9503. ஆறு இலக்கம் வரை பார்த்து எழுதுவது நல்லது.

வரிக்கு வருவோம். வாங்குபவர் வாசலில் கட்டுவது ஒரு வழி, நீங்களே முன்கூட்டிக் கட்டி அதை விலையில் சேர்த்துக்கொள்வது இன்னொரு வழி. பின்னதைத்தான் டி.டி.பி. என்பார்கள். ‘சின்னப் பொருளுக்கு வரி கிடையாது’ என்று பழைய நினைப்பில் இருக்காதீர்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2021 ஜூலை 1 முதல் எவ்வளவு மலிவான பொருளுக்கும் வாட் (மதிப்புக் கூட்டு வரி) வசூலிக்கிறது. 150 யூரோ வரையிலான பார்சலுக்கு, விற்கும்போதே அந்த வாட்டை வாங்கிச் செலுத்த ஐ.ஓ.எஸ்.எஸ். என்ற பதிவு இருக்கிறது. அமெரிக்காவில் 800 டாலர் வரை இருந்த சுங்கவரி விலக்கு 2025 ஆகஸ்ட் 29-இல் எல்லா நாடுகளுக்கும் நிறுத்தப்பட்டது.

என்னைக் கேட்டால், உலகம் முழுக்கக் கடை திறக்காதீர்கள். ஆர்டர் அதிகம் வரும் இரண்டு நாடுகளின் விதியை மட்டும் படித்து, அங்கே வரியோடு சேர்த்து விலை சொல்லுங்கள். மற்ற நாடுகளுக்கு, ‘இறக்குமதி வரி உங்கள் பொறுப்பு’ என்ற வாக்கியத்தைப் பணம் கட்டும் பொத்தானுக்கு மேலேயே போடுங்கள். விதிமுறைப் பக்கத்தின் அடியில் ஒளித்துவைத்தால் யார் படிப்பார்கள்?

பாடும் பொம்மை அனுப்பலாமா? உள்ளே லித்தியம் பேட்டரி இருக்கிறது.

உதிரி லித்தியம் பேட்டரியைச் சர்வதேச அஞ்சலில் அனுப்ப முடியாது. பொருளுக்குள் பொருத்தியது என்றால் சில நாடுகளின் அஞ்சல் துறை நிபந்தனையோடு ஏற்கும், சில ஏற்காது. ஆர்டர் வாங்குவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். சாதாரண டபுள்-ஏ பேட்டரியில் பாடும்படி மாற்ற முடியுமானால், பேட்டரி இல்லாமலே அனுப்புங்கள். வாங்கியவர் அங்கே போட்டுக்கொள்வார். ‘பேட்டரி சேர்த்தி இல்லை’ என்பதைப் பொருளின் பெயருக்குப் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.