எக்ஸ்-ரே நார்மல், ஆனால் கை மேலே போகவில்லை

கேள்வி: எனக்கு 53 வயது, ஒன்பது வருடமாகச் சர்க்கரை இருக்கிறது. மகனைத் திருச்சி ஏர்போர்ட்டில் விட்டுவிட்டு வரும்போது, திருமயம் பக்கம் முன்னால் போன லாரி சடாரென்று நிற்க, எங்கள் கார் போய் மோதிவிட்டது. முன் சீட்டில் பெல்ட் போட்டுத்தான் உட்கார்ந்திருந்தேன். பெல்ட் அழுத்திய இடது தோள் கன்றிப்போய்விட்டது. எக்ஸ்-ரே எடுத்து, முறிவு இல்லை, பத்து நாள் கையைத் தொங்கலில் போடுங்கள் என்றார்கள். சொந்தக்காரர்கள் சொன்னதால் பக்கத்து ஊரில் நாட்டுக்கட்டும் மூன்று முறை போட்டேன். மாமியார் "அசைக்காதே ஆத்தா, பிசகிக்கும்" என்றதால் இரண்டு மாதம் கையை மடக்கியே வைத்திருந்தேன். இப்போது கொண்டை போட முடியவில்லை, முந்தானையைப் பின்னால் இழுத்துச் செருக முடியவில்லை, ராத்திரி அந்தப் பக்கம் ஒருக்களித்தால் உயிர் போகிறது. எக்ஸ்-ரேயில் எதையாவது கவனிக்காமல் விட்டுவிட்டார்களா? எண்ணெய் போட்டு உருவலாமா? பெல்ட் போட்டதால்தான் இத்தனையும் என்கிறார்களே, நிஜமா?
— ஒரு வாசகி, தேவகோட்டை

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன் ஆச்சி. பெல்ட் இல்லாவிட்டால் தோளுக்குப் பதில் உங்கள் தலை கண்ணாடியில் மோதியிருக்கும். வலிக்கிறதே என்று பெல்ட்டைக் கக்கத்துக்கு அடியில் விட்டுக்கொள்ளும் வேலையும் வேண்டாம், மோதினால் அது விலா எலும்பைப் பதம் பார்த்துவிடும். பெல்ட்டுக்கும் தோளுக்கும் நடுவில் ஒரு சின்னத் துண்டை மடித்து வைத்துக்கொள்ளுங்கள், போதும்.

சரி, தோளுக்கு வருவோம். எக்ஸ்-ரே எலும்பைத்தான் காட்டும். தோளைத் தூக்கித் திருப்புகிற நான்கு தசைகளின் நாண்கள் (தசையை எலும்போடு இணைக்கும் நார்கள்) கிழிந்திருந்தாலும், மூட்டைச் சுற்றியுள்ள உறை இறுகியிருந்தாலும் அதில் தெரியாது. அதனால் "எலும்பு நார்மல்" என்று அவர்கள் சொன்னது சரிதான், "தோள் நார்மல்" என்று நாம் புரிந்துகொண்டதுதான் தப்பு.

வீட்டிலேயே ஒன்று செய்து பாருங்கள். இடது முழங்கையை இடுப்போடு ஒட்டி, தட்டு ஏந்துகிற மாதிரி முன்கையை முன்னால் நீட்டுங்கள். முழங்கை இடுப்பை விட்டு விலகாமல், முன்கையை மட்டும் கதவு திறப்பதுபோல் வெளிப்பக்கம் கொண்டுபோங்கள். நீங்கள் செய்தாலும் போகவில்லை, உங்கள் வீட்டுக்காரர் மெதுவாகப் பிடித்துத் திருப்பினாலும் போகவில்லை, ஏதோ துருப்பிடித்த தாழ்ப்பாள் மாதிரி முட்டி நிற்கிறது என்றால், அது பெரும்பாலும் உறைந்த தோள், அதாவது ஃப்ரோஸன் ஷோல்டர். அடிபட்ட பின் ரொம்ப நாள் அசைக்காமல் வைத்தாலும் வரும், சர்க்கரை உள்ளவர்களுக்குக் கூடுதலாகவே வரும். உங்களுக்கு இரண்டுமே இருக்கிறது. மாறாக, அவர் தூக்கினால் கை மேலே போகிறது, விட்டதும் பொத்தென்று விழுகிறது என்றால் நாண் கிழிந்திருக்கலாம். அப்படியானால் இந்த வாரமே எலும்பு டாக்டரைப் பார்த்து அல்ட்ராசவுண்டோ எம்.ஆர்.ஐ.யோ எடுத்துவிடுங்கள், ஏனென்றால் விபத்தில் கிழிந்த நாணை மாதக்கணக்கில் விட்டால் தசை சுருங்கிப்போய் அப்புறம் தைப்பது கஷ்டம். எதுவாக இருந்தாலும் டாக்டர் ஒருமுறை பார்த்த பிறகுதான் கீழே சொல்வதெல்லாம்.

உறைந்த தோள்தான் என்று உறுதியானால், மருந்தைவிடத் தினசரி அசைவுதான் முக்கியம். பத்து நிமிடம் வெந்நீர் ஒத்தடம். பிறகு வலது கையால் மேஜையைப் பிடித்துக் குனிந்து, இடது கையைக் கிணற்றில் தொங்கும் வாளி போலத் தளரவிட்டுச் சின்னச் சின்ன வட்டம். அடுத்து சுவர். உங்கள் ஊர்ப் பழைய வீடுகளில் சுவரோரம் ஜப்பான் டைல்ஸ் ஒட்டியிருக்குமே, அதன் முன்னால் நின்று விரல்களைப் பல்லி மாதிரி ஒவ்வொரு வரிசையாக ஏற்றுங்கள், இன்றைக்கு எத்தனையாவது வரிசை என்று காலண்டரில் குறித்துவையுங்கள். டைல்ஸைத் தாண்டி விரல் மேலே போனால் அங்கே பென்சிலால் கோடு போட்டுக்கொள்ளுங்கள். பரணில் பழைய கிணற்று ராட்டினம் கிடந்தால் இன்னும் நல்லது: உத்தரத்துக் கொக்கியில் மாட்டி, கயிற்றின் இரு முனையையும் இரு கையால் பிடித்து, நல்ல கை கீழே இழுக்க, வலிக்கிற கை சும்மா மேலே போகட்டும். (கிணற்றடியில் நின்று செய்யாதீர்கள், எட்டிப் பார்க்கிற புத்தி போகாது நமக்கு.) செய்யும்போது கொஞ்சம் வலிக்கத்தான் செய்யும். முடித்து ஒரு மணி நேரம் கழித்தும் குத்திக்கொண்டிருந்தால் மறுநாள் குறைத்துக்கொள்ளுங்கள்.

எண்ணெய் இதமாகத் தடவலாம். ஏறி உட்கார்ந்து உருவி, கையை முறுக்கி "எடுத்துவிடுவது" வேண்டவே வேண்டாம். கட்டுப் போட்டவரையோ உங்கள் மாமியாரையோ நான் குறை சொல்லவில்லை, முறிந்த எலும்புக்கு அசையாமை மருந்து, முறியாத தோளுக்கு அதுவே வினை.

மூன்று மாதச் சராசரி சர்க்கரையையும் பாருங்கள். மூட்டுக்குள் ஸ்டீராய்டு ஊசி போட்டால் சில நாள் சர்க்கரை ஏறும், அதனால் சர்க்கரை இருப்பதை டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். முழுதாகக் குணமாக ஒரு வருடம் ஆகலாம், சிலருக்கு இரண்டுக்கு மேலும் ஆகும், அறுவை சிகிச்சை பெரும்பாலும் தேவைப்படாது. ஒன்று மட்டும்: இடது தோள் வலியோடு நெஞ்சு அழுத்தம், வியர்வை, மூச்சு வாங்கல் வந்தால் அது விபத்து வலி என்று உட்கார்ந்துவிடாதீர்கள், உடனே 108.

கேள்வி: விபத்தில் வலது தோள் அடிபட்டு நான்கு மாதம் ஆகிறது, பிசியோதெரபி போகிறேன். முழுதாகக் குணமான பிறகு இழப்பீட்டுக்கு மனுப் போட்டால் போதுமா?
— ஒரு வாசகர், காரைக்குடி

பதில்: வக்கீலிடம் கேட்க வேண்டியது, இருந்தாலும் அவசரம் என்பதால் சொல்கிறேன். காத்திருக்காதீர்கள். 2022 ஏப்ரல் 1 முதல், விபத்து நடந்த 6 மாதத்துக்குள் மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனுச் செய்ய வேண்டும் என்பது சட்டம். விபத்து எங்கே நடந்திருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் பகுதித் தீர்ப்பாயத்திலேயே போடலாம். எஃப்.ஐ.ஆர். நகல், காயச் சான்று, ஸ்கேன் எல்லாம் எடுத்து வையுங்கள். பிசியோதெரபி ரசீதில் தேதி இருக்கிறதா என்று பாருங்கள், பல இடங்களில் வெறும் துண்டுச் சீட்டில் தொகையை மட்டும் எழுதித் தருகிறார்கள்.