கட்டிலுக்கு முன் அடியைப் பாருங்கள்

அன்புள்ள அண்ணா,
ஹாமில்டனில் 2016 மேர்சிடிஸ் ஸ்பிரின்டர் ஒன்று விலைக்கு நிற்கிறது. ஃபோர் வீல், வி6 டீசல், உள்ளே வெறும் தகரம். டெலிவரிக்கு ஓடியது, 280,000 கிலோமீற்றர். 22,000 டொலர் கேட்கிறார். "கொஞ்சம் எண்ணெய் கசியும், செக் எஞ்சின் லைட்டை அழித்துவிட்டேன்" என்கிறார். கட்டில், அடுப்பு எல்லாம் நானே செய்து, பிள்ளைகளோடு குளிர்காலத்திலும் போக ஆசை. வாங்கலாமா?
— வாசகர், அஜாக்ஸ்

தம்பிக்கு,

உங்கள் ஆசை எனக்கு நன்றாக விளங்குகிறது. ஆனால் வானுக்கு அடியில் படுத்துப் பார்த்ததாகக் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை, எனக்கு அதுதான் கவலை.

ஒன்ராறியோ வீதிகளில் கொட்டுகிற உப்பை இந்த வான் எத்தனை குளிர்காலம் குடித்திருக்கும் என்று யோசியுங்கள். எஞ்சின் போனால் இன்னொன்று போடலாம், செசி (வண்டியின் அடிச்சட்டம்) உக்கினால் அதன்மேல் செய்த எல்லாமே போச்சு. என் முதல் வானில் நான் பலகை அடித்து, இன்சுலேஷன் போட்டு, நாலு மாதம் வேலை செய்து முடித்த பிறகு, இரண்டாவது குளிர்காலத்தில் ஈர வாடை வந்து எல்லாவற்றையும் பிரித்துப் பார்த்தால் பின் சில்லின் மேல் வளைவில் விரல் போகிற ஓட்டை. முன்பே தெரிந்திருந்தால் ஒரு வெல்டிங் வேலையோடு முடிந்திருக்கும். ஆகவே சின்னச் சுத்தியல் ஒன்றைக் கொண்டுபோய், பக்கக் கதவின் கீழ்ப்பகுதி, ஜாக் வைக்கிற இடங்கள், பின் ஸ்பிரிங் பிடிக்கிற இடம் எல்லாவற்றையும் தட்டிப் பாருங்கள். புதிதாகக் கறுப்பு பெயின்ட் அடித்திருந்தால் இன்னும் இரண்டு தட்டு கூடத் தட்டுங்கள்.

அடுத்தது அந்த எண்ணெய். இந்த 3.0 லிட்டர் எஞ்சினில், எண்ணெயைக் குளிரவைக்கிற ஒயில் கூலர், வி வடிவத்தின் நடுப்பள்ளத்தில், டேர்போவுக்கும் காற்று உள்ளே போகிற இன்டேக்குக்கும் கீழே இருக்கிறது. அதன் சீல் காய்ந்து கசிவது எல்லோருக்கும் தெரிந்த வருத்தம். எண்ணெய் பள்ளத்தில் தேங்கி எஞ்சினின் பின்பக்கமாக வடிவதால் வேறு எங்கிருந்தோ வருகிறது என்று நினைத்துவிடுவார்கள். சீல் மலிவு, ஆனால் அதை எட்ட மேலே உள்ள அத்தனையையும் கழற்ற வேண்டும், கூலிதான் கொல்லும். "கொஞ்சம்" என்கிற சொல்லை நம்பி விலை பேசாதீர்கள்.

அழித்த லைட் இன்னும் மோசம். புகையின் நச்சைக் குறைக்க ஊற்றுகிற டெஃப் திரவத்திலோ, அந்த நச்சை அளக்கிற நொக்ஸ் சென்சரிலோ பழுது வந்தால் இந்த வான் எச்சரித்து, கடைசியில் இன்னும் பத்துத் தரம்தான் ஸ்டார்ட் ஆகும் என்று எண்ணத் தொடங்கும். பிள்ளைகளோடு அல்கொன்குவின் காட்டுப் பக்கம் நிற்கும்போது அந்த எண்ணிக்கை தொடங்கினால்? ஸ்பிரின்டர் தெரிந்த ஒரு மெக்கானிக்கை ஸ்கானரோடு கூட்டிப் போங்கள். நின்று நின்று ஓடிய டெலிவரி வான் என்பதால் புகைக்குழாயின் டீசல் ஃபில்டர் எவ்வளவு அடைத்திருக்கிறது என்றும் பார்க்கச் சொல்லுங்கள்.

ஃபோர் வீலுக்கு வருவோம். வட அமெரிக்காவுக்கு ஸ்பிரின்டரில் அது 2015 மொடலில்தான் வந்தது. எப்போதும் நாலு சில்லும் இழுக்கிற வண்டி இல்லை, பொத்தானை அழுத்தினால்தான் முன் சில்லுகளுக்கு இழுவையில் 35 வீதம் போகும். சரளைக் கல் ரோட்டில் அதைப் போட்டு ஓடிப் பாருங்கள், மெதுவாகப் பலத்தோடு இழுக்கிற லோ ரேஞ்ச் கியர் இருந்தால் அதையும் (எல்லா வானிலும் அது இல்லை). நாலு ரயரும் ஒரே அளவா, ஒரே மாதிரித் தேய்ந்திருக்கிறதா என்பதையும் கவனியுங்கள்.

தனியாள் விற்கிறார் என்றால் ஒன்ராறியோவில் பழைய வாகனத் தகவல் பொதியை அவர் தந்தே ஆக வேண்டும், வான்மேல் கடன் இருக்கிறதா என்று அதில் தெரியும். வண்டி வீதியில் ஓட ஏற்றது என்று தருகிற சேஃப்டி சான்றிதழை எஞ்சினுக்கான உத்தரவாதமாக நினைக்காதீர்கள். காப்புறுதிக்காரரிடமும் வாங்க முன்னரே பேசுங்கள், கையால் கட்டிய கேம்பர் என்றதும் சிலர் பின்வாங்குவார்கள்.

அடி சுத்தமாக இருந்தால், ஒயில் கூலர் கூலியையும் சென்சர் செலவையும் விலையில் கழித்துக்கொண்டு வாங்கலாம். வாங்கியதும் பலகை அடிக்க வேண்டாம். ஒரு குளிர்காலம் வெறும் தகரமாகவே ஓட்டுங்கள், தரையில் ஒரு மெத்தை போதும். எங்கே மழை ஒழுகுகிறது, எங்கே பனி வியர்க்கிறது என்று அப்போதுதான் கண்ணுக்குத் தெரியும்.

ஹாமில்டனுக்கு சனிக்கிழமை போவதாக இருந்தால் எழுதுங்கள், நானும் வருகிறேன். ஜாக்கும் இரண்டு ஸ்டாண்டும் என்னிடம் இருக்கின்றன. ஸ்டாண்ட் இல்லாமல் அடியில் போக வேண்டாம்.