தாத்தாவும் பேரனும் சேர்ந்து படிக்க எந்தக் கதை?

வணக்கம் ஐயா. அம்மாபேட்டை வீட்டில் அப்பாவுக்கு இரும்புக்கை மாயாவி காமிக்ஸ் பிடிக்கும், பத்து வயது மகனுக்கு ஸ்பைடர்மேன். ஏற்காடு போகும்போது இருவருக்கும் பொதுவாக எதை வாங்குவது என்று கேட்டிருந்தீர்கள்.

அவர்கள் ரசனை அவ்வளவு தூரத்தில் இல்லை. இரண்டு நாயகர்களுமே 1962-ல் வந்தவர்கள். ஒருவர் பிரிட்டனில், மற்றவர் அமெரிக்காவில். மாயாவியை 1972-ல் முத்து காமிக்ஸ் தன் முதல் இதழிலேயே தமிழுக்குக் கொண்டுவந்தது.

இவர்கள் நிலைத்திருப்பதற்குக் காரணம் சக்தி மட்டுமல்ல, அந்தச் சக்திக்கு இருக்கும் எல்லை என்பது என் உறுதியான எண்ணம். மின்சாரம் பாய்ந்தால் மாயாவியின் உடல் மறையும், இரும்புக் கை மட்டும் மறையாது. எதிரி அந்தக் கையைப் பார்த்துவிடுவானோ என்ற பதைப்பில்தான் கதையே நகர்கிறது. ஸ்பைடர்மேனோ பெற்றோரை இழந்து, பெரியப்பா, பெரியம்மா வீட்டில் வளரும் பள்ளி மாணவன். வில்லனை வென்றாலும் வீட்டில் பணக்கஷ்டம் தீராது. இந்தத் தவிப்பு எந்தத் தலைமுறைப் பையனுக்கும் புரியும். முகத்தை முழுதாக மூடும் முகமூடியும் உதவுகிறது. உள்ளே தானே இருப்பதாக எந்தக் குழந்தையும் நினைத்துக்கொள்ளலாம்.

ஆகவே தமிழில் ஒரு மாயாவி கதையை வாங்குங்கள். அப்பாவையே உரக்க வாசிக்கச் சொல்லுங்கள். மாயாவி எப்போது மாட்டிக்கொள்வார் என்று பையன் ஊகிக்கட்டும். பஸ்ஸில் மட்டும் வேண்டாம், 20 கொண்டை ஊசி வளைவுகளில் படித்தால் தலை சுற்றும்.