பந்தல் இல்லாமல் ஹனிசக்கிள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

நுவரெலியாப் பக்கத்துப் பங்களாத் தோட்டங்களில் முப்பது ஆண்டுகள் வேலை செய்தவர் பதில் சொல்கிறார்.

ஐயா, லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டு) முற்றத்தில் பந்தல் போட இடமில்லை. ஹனிசக்கிள் வளர்க்க முடியுமா? (ஹட்டன்)

முடியும் மகள். முதலில் கொடியின் குணத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். இதற்குப் பற்றுக்கம்பியும் கிடையாது, சுவரைப் பிடிக்கும் வேரும் கிடையாது. தண்டே எதையாவது சுற்றிக்கொண்டு ஏறும். சுற்ற ஒன்றும் கிடைக்காவிட்டால் தரையில் படுத்துவிடும். அதனால் கவ்வாத்துதான் வழி. விட்டால் மரமாகிவிடும் தேயிலையை இடுப்பளவில் நிறுத்தி வைப்பது அதுதானே? நட்ட ஆண்டில் மூன்று நான்கு தண்டுகளை மட்டும் வைத்துக்கொண்டு, முழங்கால் உயரத்தில் நுனியை வெட்டுங்கள். பக்கக் கிளைகள் ஒரு சாண் நீண்டதும் அவற்றையும் கிள்ளுங்கள். அடித்தண்டு முற்றும் வரை தாங்கலுக்குச் சிறு குச்சி ஒன்று போதும். பிறகு புதராகத் தானே நிற்கும். ஜப்பான் வகை புதுக் கிளையில் பூப்பதால் ஆண்டுக்கொரு முறை தைரியமாக வெட்டலாம். நுவரெலியாவில் ஜனவரி, பெப்ரவரியில் உறைபனி விழும். அப்போது வெட்டினால் துளிர் கருகும். மார்ச்சில் வெட்டுங்கள். வெட்டிய கொடியைக் கானில் (வடிகாலில்) போடாதீர்கள்.

எங்கள் வேலியில் ஆரஞ்சு நிறத்தில் பூக்கிறது, மணமே இல்லை. ஏன்? (பண்டாரவளை)

நீங்கள் சொல்வது கேப் ஹனிசக்கிள். தென்னாப்பிரிக்காவின் டெகோமேரியா இனம். பெயரைத் தவிர உறவில்லை. ஜப்பான் ஹனிசக்கிள் வெள்ளையாக மலர்ந்து மஞ்சளாக மாறும், அந்தியில் மணக்கும்.

வீட்டின் பின்னால் உள்ள மண்மேட்டில் படரவிடலாமா? (அப்புத்தளை)

வேண்டாம். கணு மண்ணைத் தொட்ட இடமெல்லாம் வேர் பிடித்து, கட்டுக்கடங்காமல் பரவும்.

வீணாகப் பயமுறுத்துகிறீர்கள் ஐயா. அமெரிக்காவில் மண்ணரிப்பைத் தடுக்க இதைத்தானே நட்டார்கள்? (வெலிமடை)

நட்டார்கள், தம்பி. அது காட்டுக்குள் புகுந்து, இன்று அங்கே பிடுங்கி மாளவில்லை. நியூசிலாந்திலும் இதே கதைதான். நம் ஹோர்ட்டன் சமவெளிக்குப் போய் கோர்ஸ் முட்செடியைப் பாருங்கள். வெள்ளைக்காரர் காலத்தில் வந்த செடி, இப்போது தேசியப் பூங்காவுக்குள் நிற்கிறது. ஹனிசக்கிளின் கறுப்புப் பழத்தைப் பறவைகள் தின்று விதையை எங்கெங்கோ போடும். வேலி கட்டித் தடுக்க முடியாது.

அப்படியானால் நடவே கூடாது என்று சொல்லுங்கள். முற்றத்தில் மட்டும் ஏன் அனுமதி? (அதே வாசகர்)

நியாயமான கேள்வி. முற்றத்துப் புதர் தினமும் கண்ணில் படும். பூ வாடியதும் கிள்ளிவிட்டால் பழம் வராது, தாழ்ந்த கிளையை உடனே வெட்டலாம். மேட்டில் யார் ஏறிப் பார்ப்பார்கள்? கவனிக்க நேரமில்லாதவர்கள் நடவே வேண்டாம். அதில் உங்களோடு ஒத்துப்போகிறேன். மேட்டுக்கு மானாப் புல்லும் வெட்டிவேரும் இருக்கின்றன. மேட்டில் வெடிப்புத் தெரிந்தால் எந்தச் செடியும் காப்பாற்றாது. மண்சரிவைக் கவனிக்கும் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்துக்கு அறிவியுங்கள்.

தொட்டியில்? (தலவாக்கலை)

ஒன்றரை அடி அகலத் தொட்டியை மதில்மேல் வைத்துக் கொடியைத் தொங்கவிடுங்கள், அழகாக இருக்கும். வேர் காய்ந்தால் இலையில் சாம்பல் நோய் வரும். நுனி தரையைத் தொடும் முன்பே வெட்டுங்கள்.

பிள்ளைகள் பழத்தைத் தின்னலாமா? (மஸ்கெலியா)

கூடாது.

பந்தலில்லாமல் வளருமா? (மூவர் கேட்டிருக்கிறார்கள்)

முதல் பதிலை வாசியுங்கள்.

வெட்டிய கொடியைக் கானில் போட்டால்தான் என்ன? (பொகவந்தலாவ)

மழைத் தண்ணீர் அதை ஆற்றோரம் கொண்டுபோய்ச் சேர்க்கும், அங்கே வேர் பிடிக்கும். கல்மேல் பரப்பி, மொறுமொறுவென்று காயவையுங்கள்.

ரோஜாவில் கரும்புள்ளி விழுகிறது, என்ன செய்யலாம்? (ராகலை)

இன்று ஹனிசக்கிள் மட்டும், அக்கா.

பந்தல் செலவு வேண்டாமென்று கொய்யாக் கன்றில் ஏற்றிவிட்டேன். நன்றாகப் பூக்கிறது. அப்படியே விடலாமா? (பதுளை)

விடாதீர்கள். தண்டு தடிக்கத் தடிக்கக் கன்றின் பட்டையை இறுக்கி நெரித்துவிடும். இழுத்தால் பட்டை உரியும்; அடியில் வெட்டி, கொடி வாடியபின் துண்டு துண்டாக எடுங்கள். கன்று பிழைக்க வேண்டுமானால் இன்றே வெட்டுங்கள்.